வீடிழந்து நிற்கும் கர்ப்பிணிக்குத் தங்குமிடம்: மார்க்கம் சொல்வதும் சட்டம் தருவதும் ஜமாஅத் செய்ய வேண்டியதும்

வீடற்றவர் என்றதும் நடைபாதையில் படுத்திருப்பவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். கர்ப்பிணிப் பெண் வீடிழக்கும்போது பெரும்பாலும் அப்படித் தெருவுக்கு வந்து நிற்பதில்லை. இரண்டு நாள் சாச்சி வீட்டில் இருப்பாள். ஒரு வாரம் தோழியின் வீட்டில் இருப்பாள். பிறகு ராத்தா வீட்டு ஹாலில் ஒரு பாய் விரித்துக்கொள்வாள். மச்சானின் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு, அடுத்த இடத்தைத் தேடத் தொடங்குவாள். வெளியே இருப்பவர்களுக்கு அவள் உறவினர் வீட்டுக்கு வந்திருப்பதாகவே தோன்றும். பிரசவத்திற்கு மூன்று மாதம் இருக்கையில், குழந்தையை எந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது என்று அவளுக்குத் தெரியாது என்பது யாருக்கும் தெரிவதில்லை.

இந்த நிலையில் உள்ள பெண்ணுக்கு மார்க்கம் என்ன உரிமை தந்திருக்கிறது, நாட்டின் சட்டம் என்ன தருகிறது, அரசின் உதவிகள் எவை, நம் மஹல்லாவில் நாம் என்ன செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

யார் இந்த நிலைக்கு வருகிறார்கள்?

கணவன் வீட்டில் அடி உதை தாங்காமல் வெளியேறியவர்கள், தலாக் சொல்லப்பட்டு அன்றே பெட்டியோடு அனுப்பப்பட்டவர்கள், கர்ப்பமாக இருக்கும்போதே கணவனை இழந்தவர்கள், கணவன் வெளிநாட்டில் இருக்க மாமியார் வீட்டில் இடம் மறுக்கப்பட்டவர்கள், பெற்றோரின் சம்மதமின்றித் திருமணம் செய்து இப்போது இரு வீட்டாரும் கைவிட்டவர்கள் என்று பட்டியல் நீள்கிறது. வாடகை பாக்கியால் குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்ய வேண்டிவந்த பெண்களும் இதில் உண்டு. நிக்காஹ் இல்லாமல் கருவுற்று, வீட்டார் முகத்தில் விழிக்க முடியாமல் நிற்கும் இளம்பெண்ணும் உண்டு.

நம் ஊர்களில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எழுதப்படாத ஏற்பாடு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பெண்ணை அழைத்து வருவதும், பிரசவத்திற்குப் பின் நாற்பது நாள் வைத்துப் பார்ப்பதும் உம்மா வீட்டின் பொறுப்பு என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். அந்த ஏற்பாடு நல்லதுதான். ஆனால் உம்மா இல்லாத பெண்ணுக்கு, வாப்பா இறந்து தம்பிகளின் வீடாகிவிட்ட இடத்திற்குத் திரும்பும் பெண்ணுக்கு, ஓர் அறை வாடகை வீட்டில் ஆறு பேர் இருக்கும் குடும்பத்துப் பெண்ணுக்கு அந்த ஏற்பாடு எட்டுவதில்லை. தாய்வீடு இருக்கிறது என்ற நினைப்பிலேயே கணவன் வீட்டார் அவளை எளிதாக அனுப்பிவிடுகிறார்கள் என்பதும் உண்மை.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து தங்கும் வழக்கம் இருக்கிறது. அந்த வழக்கம் பெற்றோர் மீது வைக்கும் சுமையைப் பற்றித் தனியே பேச வேண்டும். என்றாலும், வீடு பெண்ணின் பெயரில் இருக்கும் இடத்தில் கர்ப்பிணியை வெளியே போ என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கர்ப்ப காலத்தில் ஏன் இது அவசரம்?

மற்ற குடும்பச் சிக்கல்களுக்கு அடுத்த மாதம், அடுத்த பேச்சுவார்த்தை என்று தவணை சொல்லலாம். பிரசவ தேதி தள்ளிப்போகாது.

இடம் மாறிக்கொண்டே இருக்கும் பெண்ணுக்கு மருத்துவப் பரிசோதனைகள் விட்டுப்போகின்றன. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தாளோ அந்த ஊரில் இப்போது அவள் இல்லை. வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர் அவளைக் கண்டுபிடிக்க முடிவதில்லை. இரத்தச்சோகை, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை கவனிக்கப்படாமல் போவது இப்படித்தான். நிலையான வீடில்லாத தாய்மார்களுக்குக் குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் ஏற்படும் ஆபத்து அதிகம் என்பது பல நாடுகளில் மருத்துவர்கள் பதிவு செய்துள்ள விஷயம். சரியான உணவும் தூக்கமும் இல்லாததோடு, அடுத்து எங்கே என்ற கவலையும் சேர்ந்து உடலை அரிக்கிறது.

வன்முறையால் வெளியேறியவள் என்றால் ஆபத்து இன்னும் கூடுதல். வயிற்றில் விழும் அடி இரண்டு உயிர்களின் மீது விழும் அடி. அத்தகைய பெண்ணை, சமாதானம் பேசி முடித்துவிட்டோம் என்று சொல்லி அதே வீட்டுக்கு அனுப்புவது தீர்வாகாது.

குர்ஆன் தரும் உரிமை

கர்ப்பிணியின் தங்குமிடம் பற்றி அல்லாஹ் நேரடியாகவே பேசியிருக்கிறான். திருக்குர்ஆனின் 65வது அத்தியாயமான அத்தலாக்கின் தொடக்க வசனங்களை ஒவ்வொரு ஜமாஅத் நிர்வாகியும் படித்து வைத்திருக்க வேண்டும்.

முதல் வசனம், தலாக் சொல்லப்பட்ட பெண்களை இத்தா காலத்தில் அவர்களின் வீடுகளிலிருந்து வெளியேற்றக் கூடாது, அவர்களும் வெளியேறக் கூடாது என்று கட்டளையிடுகிறது. பகிரங்கமான மானக்கேடான செயல் மட்டுமே இதற்கு விதிவிலக்கு. இங்கே அந்த வீடுகள் பெண்களுடைய வீடுகள் என்றே குறிப்பிடப்படுவதை விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். சொத்து கணவனுடையதாக இருந்தாலும், அந்தக் காலம் முழுவதும் அங்கே வாழும் உரிமை அவளுடையது.

நான்காம் வசனம் கர்ப்பிணியின் இத்தா அவள் பிரசவிக்கும் வரை என்று வரையறுக்கிறது. ஆறாம் வசனம் மூன்று விஷயங்களைச் சொல்கிறது. உங்கள் வசதிக்கேற்ப நீங்கள் குடியிருக்கும் இடத்தில் அவர்களைக் குடியிருக்கச் செய்ய வேண்டும். நெருக்கடி கொடுப்பதற்காக அவர்களுக்குத் தொல்லை தரக் கூடாது. கர்ப்பிணிகளாக இருந்தால் பிரசவம் வரை அவர்களுக்குச் செலவு செய்ய வேண்டும். அத்துடன், குழந்தைக்கு அவள் பாலூட்டினால் அதற்குரிய ஊதியத்தையும் கொடுக்கச் சொல்கிறது. ஏழாம் வசனம், வசதியுள்ளவர் தன் வசதிக்கேற்பவும், வருமானம் குறுகியவர் அல்லாஹ் கொடுத்ததிலிருந்தும் செலவு செய்யட்டும் என்கிறது. எனவே வறுமையைக் காரணம் காட்டி முழுவதுமாகக் கைகழுவ இடமில்லை.

தொல்லை தரக் கூடாது என்ற பகுதி இன்றைக்கும் பொருந்தும். அறையைப் பூட்டிவிடுவது, சமையலறையைப் பிரிப்பது, மின்விசிறியை நிறுத்துவது, யாரும் பேசாமல் ஒதுக்குவது போன்றவை அவள் தானாகப் போய்விடட்டும் என்பதற்காகச் செய்யப்படுபவை. வெளியேற்றவில்லை, அவளாகத்தான் போனாள் என்று பிறகு ஜமாஅத்தில் வந்து சொல்வார்கள்.

மத்ஹபுகளின் நிலை

முழுமையாகப் பிரிந்துவிட்ட, மீட்டுக்கொள்ள முடியாத தலாக்கில் இருக்கும் பெண்ணின் உரிமை பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் அவளுக்கு இத்தா முடியும் வரை தங்குமிடமும் செலவும் உண்டு. ஷாஃபிஈ, மாலிகி மத்ஹபுகளில் தங்குமிடம் உண்டு. கர்ப்பிணியாக இல்லாவிட்டால் செலவு இல்லை. ஹன்பலி மத்ஹபில் கர்ப்பிணியாக இல்லாதவளுக்கு இரண்டும் இல்லை. ஆனால் அவள் கர்ப்பிணி என்றால் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. பிரசவம் வரை தங்குமிடமும் செலவும் உண்டு என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. தமிழகத்தில் ஷாஃபிஈ ஊரானாலும் ஹனஃபி ஊரானாலும் இதில் மாற்றுச் சொல் இல்லை.

இரண்டு தவறான எண்ணங்கள் நம் மக்களிடம் இருக்கின்றன. ஒன்று, கர்ப்பமாக இருக்கும்போது சொன்ன தலாக் செல்லாது என்பது. இப்னு உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியில், மனைவி தூய்மையான நிலையிலோ கர்ப்பிணியாகவோ இருக்கையில் தலாக் சொல்லலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. செல்லாது என்று நம்பிக்கொண்டு, இத்தாவும் உரிமைகளும் பேசப்படாமலே பெண் வெளியே நிற்கும் நிலை இதனால் வருகிறது. மற்றொன்று, தலாக் சொன்ன உடனே அவள் தாய்வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது. முதல், இரண்டாம் தலாக்கில் அவள் அதே வீட்டில் இருப்பதுதான் குர்ஆனின் கட்டளை. மீட்டுக்கொள்ளும் வாசல் திறந்திருப்பதற்கும் அதுவே வழி. முழுமையாகப் பிரிந்த நிலையில், பர்தா பேணும்படி தனிப்பகுதியோ வேறு வீடோ ஏற்பாடு செய்வது கணவனின் கடமை.

கணவனை இழந்த கர்ப்பிணி

கணவன் இறந்த பெண் கர்ப்பிணியாக இருந்தால் அவளுடைய இத்தாவும் பிரசவத்தோடு முடிகிறது. ஸுபைஆ அல்அஸ்லமிய்யா (ரலி) அவர்களின் செய்தி இதற்கு ஆதாரம். கணவர் கொல்லப்பட்ட ஃபுரைஆ பின்த் மாலிக் (ரலி) அவர்கள், தமக்கெனச் சொந்த வீட்டைக் கணவர் விட்டுச் செல்லவில்லை என்று சொல்லித் தம் குடும்பத்தாரிடம் செல்ல அனுமதி கேட்டார்கள். இத்தா முடியும் வரை இருந்த வீட்டிலேயே இருக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்.

சட்ட நுணுக்கத்தில், விதவையின் தங்குமிடச் செலவு கணவனின் சொத்திலிருந்து வர வேண்டுமா என்பதில் இமாம்களுக்குள் வேறுபாடு உண்டு. ஆனால் மய்யித்தை அடக்கிய மூன்றாம் நாளே, இனி உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. அவள் கணவனின் சொத்தில் வாரிசு. வயிற்றில் இருக்கும் குழந்தையும் உயிருடன் பிறந்தால் வாரிசு. குழந்தை பிறக்கும் முன் அவசரமாகச் சொத்தைப் பிரித்துவிடக் கூடாது என்று ஃபிக்ஹ் நூல்கள் கூறுவதற்கும் இதுவே காரணம்.

தவறு செய்தவள் என்று சொல்லப்படுபவள்

திருமணமில்லாமல் கருவுற்ற பெண் விஷயத்தில்தான் நம் வீடுகள் மிகக் கடுமையாக நடந்துகொள்கின்றன. நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை ஸஹீஹ் முஸ்லிமில் காணலாம். ஜுஹைனா குலத்துப் பெண் ஒருவர் தாம் செய்த விபச்சாரத்தால் கர்ப்பமாக இருப்பதாக வந்து சொன்னபோது, நபியவர்கள் அவரின் பொறுப்பாளரை அழைத்து, பிரசவிக்கும் வரை அவரிடம் நல்ல முறையில் நடந்துகொள்ளுமாறு உத்தரவிட்டார்கள். காமித் கிளைப் பெண்ணைப் பற்றிய மற்றோர் அறிவிப்பில், பிரசவம் வரை அவரைப் பராமரிக்கும் பொறுப்பை அன்ஸாரிகளில் ஒருவர் ஏற்றுக்கொண்டார் என்று வருகிறது.

தானே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்ட பெண்ணுக்கே அந்தப் பராமரிப்பு கிடைத்தது. ஏமாற்றப்பட்டவளா, பலவந்தப்படுத்தப்பட்டவளா என்றுகூடத் தெரியாத பெண்ணைக் கர்ப்பிணியாக இரவில் வீட்டைவிட்டுத் துரத்துவதற்கு மார்க்கத்தை மேற்கோள் காட்ட முடியாது. அவள் 18 வயதுக்குட்பட்டவள் என்றால் சட்டப்படி அவள் பாதிக்கப்பட்ட குழந்தை. 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையத்தை உடனே அழைக்க வேண்டும். மூடி மறைப்பது அவளுக்கும் ஆபத்து, மறைப்பவருக்கும் குற்றம்.

வரலாற்றில் ஓர் இல்லம்

பெண்களுக்கான தங்குமிடம் மேற்கத்தியச் சிந்தனை என்று சிலர் ஒதுக்குவதுண்டு. கி.பி. 1285ல் (ஹிஜ்ரி 684) கெய்ரோவில், மம்லூக் சுல்தான் பைபர்ஸின் மகள் தத்காராய் காத்தூன் ஓர் இல்லத்தைக் கட்டினார். ரிபாத் அல்பக்தாதிய்யா என்பது அதன் பெயர். மார்க்க அறிவும் பக்தியும் மிக்க ஸைனப் என்ற பெண்மணிக்காக அது அமைக்கப்பட்டது. தலாக் ஆன பெண்களும் கணவர்களால் கைவிடப்பட்ட பெண்களும், மறுமணம் ஆகும் வரை அல்லது கணவனிடம் திரும்பும் வரை அங்கே பாதுகாப்பாகத் தங்கினார்கள் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி பதிவு செய்திருக்கிறார். அதை நடத்தியதும் பெண்ணே. 700 ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் ஏற்படுத்திய வழி அது.

நாட்டின் சட்டம் தரும் பாதுகாப்பு

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005: 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொருந்தும். பிரிவு 17ன்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும், கணவனுடன் பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்க அவளுக்கு உரிமை உண்டு. சட்ட நடைமுறையின்றி அவளை வெளியேற்ற முடியாது. பிரிவு 19ன்படி, அந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கவோ, அதே தரத்தில் வேறு வீடு எடுத்துத் தரவோ வாடகை கொடுக்கவோ நீதிபதி உத்தரவிடலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் இந்த உரிமை பொருந்தும் என்பதை 2020ல் சதீஷ் சந்தர் அஹூஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் வைக்கப்பட வேண்டும் என்றும் இச்சட்டம் கூறுகிறது. அவசர நிலையில் இடைக்கால உத்தரவும் பெறலாம். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் மனுவைத் தயாரித்துத் தருவார். அவர் கேட்டால் தங்குமிடம் தர வேண்டியது காப்பகத்தின் கடமை என்று பிரிவு 6 சொல்கிறது.

முஸ்லிம் பெண்கள் (மணவிலக்கு மீதான உரிமைகள் பாதுகாப்பு) சட்டம், 1986: கர்ப்பிணியின் இத்தா பிரசவம் வரை என்று இச்சட்டமும் சொல்கிறது. அக்காலத்திற்குள் நியாயமான ஏற்பாடும் ஜீவனாம்சமும் தரப்பட வேண்டும். குழந்தை பிறந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு, குழந்தையை வளர்க்கும் செலவையும் கணவன் தர வேண்டும். அந்த ஏற்பாடு அவளின் எதிர்காலத்தையும் கணக்கில் கொண்டதாக இருக்க வேண்டும் என்று 2001ல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனடி முத்தலாக் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. அப்படிச் சொல்லப்பட்ட பெண்ணும் அவளின் குழந்தைகளும் பிழைப்புப் படி கோரலாம்.

பொது ஜீவனாம்சம்: முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக உள்ளது. முஸ்லிம் பெண்களும் இதன்கீழ் வழக்குத் தொடரலாம் என்று 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

வழக்கறிஞர் கட்டணத்திற்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி வழங்க வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். உதவி எண் 15100.

இன்றிரவு தங்க எங்கே போவது?

181 என்பது பெண்கள் உதவி மைய எண். இரவிலும் அழைக்கலாம். மாவட்டந்தோறும் இயங்கும் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில், தற்காலிகத் தங்கல், மருத்துவ உதவி, காவல்துறை உதவி, சட்ட ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் அங்கே தங்குவது ஐந்து நாட்கள் வரைதான். அதற்கு மேல் தங்க வேண்டியவர்களை, முன்பு ஸ்வதார் இல்லம் என்று அழைக்கப்பட்டு இப்போது சக்தி சதன் ஆகியிருக்கும் இல்லங்களுக்கு அனுப்புவார்கள். நகரங்களில் வீடற்றோருக்கான காப்பகங்கள் மாநகராட்சிகளால் நடத்தப்படுகின்றன. பெண்களுக்கென்று தனிக் காப்பகங்களும் உண்டு.

இல்லத்தில் சேர்க்கும்போது கர்ப்பத்தின் மாதத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்த மருத்துவமனையில் பிரசவம், இரவில் வலி வந்தால் யார் அழைத்துப்போவது, பிரசவத்திற்குப் பின் அதே இல்லத்திற்குத் திரும்பலாமா என்ற மூன்று கேள்விகளையும் அன்றே கேட்டுவிட வேண்டும்.

பிரசவச் செலவைப் பொறுத்தவரை, அரசு மருத்துவமனைகளில் பிரசவம், அறுவை சிகிச்சை, மருந்து, உணவு, வீடு திரும்பும் வாகனம் ஆகியவை ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் 2011 முதல் இலவசம். வலி வந்தால் 108. தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், தகுதியுள்ள ஏழைத் தாய்மார்களுக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி தவணையாகக் கிடைக்கிறது. பணம் அவளின் சொந்த வங்கிக் கணக்கில் வர வேண்டும். கணவனின் கணக்கோ கூட்டுக் கணக்கோ கொடுத்திருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும்.

அவள் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்: ஆதார், பிக்மி எண் உள்ள தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் மற்றும் இரத்தப் பரிசோதனை முடிவுகள், வங்கிப் புத்தகம், குடும்ப அட்டையின் நகல், பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேட்டின் நகல். அவசரத்தில் வெறுங்கையோடு வந்திருந்தால், நிக்காஹ் நகலைத் தாமதமின்றித் தர வேண்டியது ஜமாஅத்தின் பொறுப்பு. இரு தரப்பும் வரட்டும் என்று அதை நிறுத்தி வைக்கக் கூடாது. குழந்தையின் பிறப்பை 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம்.

ஆதரவுடன் கூடிய தங்குமிடம் என்றால் என்ன?

ஓர் அறையும் சாவியும் கொடுப்பதோடு இது முடிவதில்லை. தங்குமிடத்தோடு மருத்துவப் பரிசோதனை, உணவு, சட்ட உதவி, மன ஆறுதல், பிரசவ நேரத்தில் கூட நிற்க ஒரு பெண், பிறகு சொந்தக் காலில் நிற்க ஒரு வழி ஆகியவை சேர்ந்திருப்பதையே ஆதரவுடன் கூடிய தங்குமிடம் என்கிறார்கள்.

இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், வீடற்றவர்களில் முன்னுரிமைக்கு உரியவர்களின் பட்டியலில் கர்ப்பிணியை முதலிலேயே வைத்திருக்கிறது. குழந்தை பிறக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கர்ப்பமே போதுமான காரணம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1989ல் தொடங்கிய ஒரு தொண்டு நிறுவனம், வீடற்ற கர்ப்பிணிகளுக்கு மருத்துவ உதவியையும் வீட்டு உதவியையும் இணைத்துத் தருகிறது. கனடாவில் நிசா ஹோம்ஸ் என்ற பெயரில் முஸ்லிம் பெண்களுக்கான தற்காலிக இல்லங்கள் பல நகரங்களில் நடக்கின்றன. தொழுகை, ஹலால் உணவு, பர்தா ஆகியவற்றுக்கு இடமிருக்கும் தங்குமிடம் இல்லாததால் பல பெண்கள் அடிபட்டும் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள் என்ற உண்மையிலிருந்து பிறந்த முயற்சிகள் இவை.

ஜமாஅத் செய்யக்கூடியவை

பெரிய கட்டடம் தேவையில்லை. அரசு மருத்துவமனைக்கு அருகில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு வாடகை வீடு போதும். அண்டை மஹல்லாக்கள் நான்கைந்து சேர்ந்தால் சுமை குறையும்.

முதலாவது, பொறுப்பு பெண்களிடம் இருக்க வேண்டும். கர்ப்பிணி ஒருத்தி தன் நிலையைச் சொல்ல முத்தவல்லியின் அலுவலகத்தில் ஆண்கள் முன்னால் நிற்க வேண்டும் என்றால் அவள் வரவே மாட்டாள். மதரஸா ஆலிமா, ஓய்வுபெற்ற செவிலியர், ஆசிரியை என மூன்று பெண்களின் கைப்பேசி எண்கள் ஊரில் தெரிந்திருந்தால் போதும்.

இரண்டாவது, முதலில் கூரை, பிறகு விசாரணை. யார் மீது தவறு என்று முடிவாகும் வரை இடமில்லை என்பது அத்தலாக் அத்தியாயத்தின் முறைக்கு மாறானது. பஞ்சாயத்து நடக்கட்டும். அது முடியும் வரை அவள் பாதுகாப்பாக இருக்கட்டும்.

மூன்றாவது, இரகசியம். வன்முறைக்குத் தப்பி வந்தவளின் முகவரி கணவன் வீட்டாருக்குத் தெரியக் கூடாது. உதவி வழங்கும் புகைப்படம், வாட்ஸ்அப் பகிர்வு எதுவும் வேண்டாம்.

நான்காவது, காலவரை. நிஃபாஸின் அதிகபட்ச காலம் ஹனஃபியில் 40 நாள், ஷாஃபிஈயில் 60 நாள். குறைந்தபட்சம் அதுவரையாவது தாயும் சேயும் தங்க இடம் இருக்க வேண்டும். அதன் பிறகு எங்கே என்பதை எட்டாம் மாதத்திலேயே பேசத் தொடங்க வேண்டும்.

ஐந்தாவது, சட்டப்படி நடத்துவது. பெண்கள் தங்கும் இல்லம் நடத்தத் தமிழகத்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். மாவட்ட சமூகநல அலுவலரை முதலிலேயே சந்தித்துவிடுவது நல்லது. உரிமம் வரும் வரை, தனித்தனிப் பெண்ணுக்கு வாடகையும் முன்பணமும் கொடுத்து உதவும் முறையில் தொடங்கலாம்.

பணம் எங்கிருந்து?

ஏழையாகவோ தேவையுள்ளவராகவோ கடனாளியாகவோ இருக்கும் கர்ப்பிணி ஜகாத் பெறத் தகுதியானவர். ஆனால் ஜகாத் பொருள் உரியவரின் கைக்குப் போய் அவருக்குச் சொந்தமாக வேண்டும் என்பது ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்களின் நிலை. ஆகவே ஜகாத்தை அவளின் வாடகைக்கும் உணவுக்கும் மருந்துக்கும் அவளிடமே கொடுக்கலாம். கட்டடம் வாங்கவும் பணியாளர் சம்பளத்திற்கும் ஸதகாவும் வக்ஃபும் ஏற்றவை. சும்மா பூட்டிக்கிடக்கும் ஒரு வீட்டை இதற்கென வக்ஃப் செய்ய முன்வருபவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும். குடும்பத்திற்குள்ளும் வழி உண்டு. மகளுக்குச் செய்வது ஜகாத்தில் சேராது. அது தகப்பனின் கடமை. ஏழைச் சகோதரிக்குக் கொடுப்பது தர்மமாகவும் உறவைப் பேணுவதாகவும் இரட்டை நன்மை பெறும். அவரவர் நிலைக்கேற்ப ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

கடனையோ ஆதரவற்ற குடும்பத்தையோ விட்டு இறந்தவரின் பொறுப்பு என்னுடையது என்று நபி (ஸல்) அவர்கள் சமுதாயத் தலைவராக அறிவித்தது ஹதீஸ் நூல்களில் உள்ளது. பைத்துல்மால் என்ற பெயரில் நாம் நடத்துவது அந்தப் பொறுப்பின் தொடர்ச்சி.

நிக்காஹ் நாளிலேயே

இந்த உரிமைகளை வீடு உடைந்த பிறகு சொல்லிக்கொடுப்பது தாமதம். நிக்காஹ் பதிவின்போதே மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அத்தலாக் அத்தியாயத்தின் முதல் ஏழு வசனங்களின் பொருளை ஹழ்ரத் விளக்கிச் சொல்லலாம். மஹரை நகையாக மட்டும் பேசாமல், சிறு மனையாகவோ வீட்டில் ஒரு பங்காகவோ எழுதித் தர வசதியுள்ளவர்கள் முன்வரலாம். பிரிவு பேசி முடிக்கும் ஒவ்வொரு பஞ்சாயத்திலும், அவள் கர்ப்பிணியா என்ற கேள்வி முதலில் கேட்கப்பட வேண்டும். ஆம் என்றால், பிரசவம் வரை எங்கே தங்குவாள், மாதம் எவ்வளவு செலவு, யார் மருத்துவமனைக்கு அழைத்துப்போவார் என்ற மூன்றையும் எழுத்தில் முடித்த பிறகே ஏட்டில் கையெழுத்து விழ வேண்டும்.

உங்கள் தெருவில் பெட்டியோடு வந்து பல நாளாகத் தங்கியிருக்கும் கர்ப்பிணி இருக்கலாம். அவள் வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று விட்டுவிடாமல், வீட்டுப் பெண்கள் ஒருமுறை போய் விசாரித்து வாருங்கள். பிரசவத்திற்கு எங்கே போகிறாய் என்று கேளுங்கள். அவளிடம் பதில் இல்லை என்றால், மேலே உள்ள எண்களும் உங்கள் மஹல்லாவும் அவளுக்குப் பதிலாக இருக்கட்டும். பலவீனமானவர்களின் உரிமையைப் பேணும் மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.